நாய், பூனைக்கு வைத்தியம்: எங்கே போவது, செலவை எப்படிச் சமாளிப்பது?

தாம்பரம் பக்கம் எங்கள் குடியிருப்பில் யார் வீட்டு நாய்க்கோ பூனைக்கோ உடம்பு சரியில்லை என்றாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். நான் டாக்டர் இல்லை. பல வருடமாக இரண்டையும் வளர்த்ததில், ஆஸ்பத்திரி வாசல்களில் காத்திருந்து தெரிந்துகொண்டதுதான். கேட்பவர்கள் வேறு வேறு, சந்தேகங்கள் மட்டும் அதே. அதனால் அவரவர் கேட்ட விதத்திலேயே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுக்கான விவரம். சென்னை கொஞ்சம் கூடுதலாக வரும்.

1. மாட்டாஸ்பத்திரியில நாய், பூனையெல்லாம் பார்ப்பாங்களா?

பார்ப்பார்கள். ஊர்ப்பக்கம் நாம் மாட்டாஸ்பத்திரி என்று சொல்வது அரசின் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கால்நடை மருந்தகம் அல்லது கால்நடை மருத்துவமனை. அங்கே இருப்பவர் படித்த கால்நடை மருத்துவர். அவருடைய படிப்பில் நாயும் பூனையும் உண்டு. தடுப்பூசி, காயத்துக்குத் தையல், வயிற்றுப்போக்கு, தோல் நோய், குடற்புழு மாதிரியான அன்றாடத் தேவைகளுக்கு அதுவே போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். சில கிராமங்களில் இருப்பது 'கிளை நிலையம்' மட்டும்தான். அங்கே கால்நடை ஆய்வாளர் இருப்பார், மருத்துவர் இருக்க மாட்டார். அவரிடமே கேட்டால் மருத்துவர் இருக்கும் பக்கத்து மருந்தகத்தைச் சொல்வார். கிராமங்களுக்கு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியும் இருக்கிறது, 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிடலாம். அது முதலில் ஆடு மாடுகளுக்காக வந்த சேவை என்பதால், நாய் என்று முன்கூட்டியே சொல்லி வருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. அப்போ அங்க எல்லாமே ஃப்ரீயா?

டாக்டர் பார்ப்பதற்குப் பெரிதாகச் செலவாகாது. இருப்பில் உள்ள மருந்தைக் கொடுப்பார்கள். ஆனால் மருந்து இருப்பு பெரும்பாலும் ஆடு மாடுகளை மனதில் வைத்து வருவது. நாய்க்குப் பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியோ பூனைக்கான ஊசியோ அங்கே இல்லாமல் போகலாம். அப்போது எழுதிக் கொடுப்பார்கள், வெளியே வாங்கி வந்தால் போட்டுவிடுவார்கள். வாங்கிய ஊசியை ஐஸ் பையோடு எடுத்து வாருங்கள். தடுப்பூசி சூடு பட்டால் வீண், போட்டும் பலன் இருக்காது.

காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் டாக்டர் பண்ணைகளுக்கும் முகாம்களுக்கும் கிளம்பிவிடுவதுண்டு.

3. வேப்பேரி ஆஸ்பத்திரிக்கு யார் வேணா போகலாமா? யாராவது சிபாரிசு வேணுமா?

சிபாரிசு எதுவும் வேண்டாம். வேப்பேரியில் இருப்பது சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் போதனை மருத்துவமனை. கல்லூரி 1903-இல் தொடங்கியது. இப்போது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. மாதவரத்திலும் இதே பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் இந்த வசதி இருக்கிறது. இதை அறியாமலேயே எத்தனையோ பேர் தனியாரில் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். எனக்கு வருத்தமே அதுதான்.

போனதும் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். கட்டணம் குறைவு. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். ஆனாலும் தனியாரில் ஆகும் செலவில் ஒரு பகுதிதான் ஆகும். கண், தோல், எலும்பு, இதயம் என்று பிரித்துப் பார்க்கும் நிபுணர்கள் ஒரே வளாகத்தில் கிடைப்பதுதான் இதைவிடப் பெரிய லாபம்.

விலை வேறு விதத்தில் இருக்கிறது: காத்திருக்க வேண்டும். காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். காய்கறிக் கூடையைக் கவிழ்த்துத் துப்பட்டாவால் கட்டிய பூனை ஒரு பக்கம், ஆட்டோவிலிருந்து இருவர் தூக்கி இறக்கும் லாப்ரடார் ஒரு பக்கம், மடியில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் நாட்டுநாய்க் குட்டி இன்னொரு பக்கம். தடுப்பூசி போடாத குட்டியை அங்கே தரையில் விடவே விடாதீர்கள். பார்வோ என்ற, குட்டிகளுக்கு ரத்தமாக வயிற்றுப்போக்கு வரவைக்கும் வைரஸ் நோய் வந்த நாய்கள் நடந்த தரை அது. நாய்க்கு வாய்ப்பூட்டு, பூனைக்கு மூடிய கூடை, பழைய சீட்டுகள், தண்ணீர், ஒரு பழைய துண்டு இவ்வளவும் கையில் இருக்கட்டும். முதலில் பார்ப்பவர் மாணவராக இருப்பார், கேட்டதையே மறுபடி கேட்பார். பொறுமையாகச் சொல்லுங்கள். அவருக்குப் பின்னால் பேராசிரியர் இருக்கிறார்.

4. தனியார் கிளினிக்ல நல்ல டாக்டர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் அவர் டாக்டர்தானா என்று பாருங்கள். கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. படித்து, மாநில கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் சொல்வது இது. பதிவு எண் பலகையிலோ மருந்துச் சீட்டிலோ இருக்கும். செல்லப்பிராணிக் கடை வைத்திருப்பவரும் குளிப்பாட்டி முடி வெட்டுபவரும் ஊசி போடுகிறார்கள் என்றால் அங்கே போகாதீர்கள்.

அதற்கு மேல் நான் பார்ப்பது மூன்று விஷயம். தெர்மாமீட்டர் வைத்து, வாயைத் திறந்து ஈறு பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பரிசோதிக்கிறாரா? என்ன ஊசி போட்டார் என்று எழுதிக் கொடுக்கிறாரா? தன்னால் முடியாததை வேறு இடத்துக்கு அனுப்புகிறாரா? மூன்றாவதைச் செய்கிற டாக்டரை விட்டுவிடாதீர்கள். நல்லாயிருக்கும்போதே தடுப்பூசிக்கு ஒருமுறை போய்ப் பழகிவைத்துக்கொண்டால், அவசரத்தில் போனில் பேசவாவது ஆள் இருப்பார்.

5. போன உடனே காசைப் பத்திப் பேசினா தப்பா நினைக்க மாட்டாரா? அசிங்கமா இருக்கே.

இதில் அசிங்கமே இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மனிதர்களுக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. நாய்க்குப் பெரும்பாலும் நம் சட்டைப்பைதான் என்பது டாக்டருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். கடைசியில் பில்லைப் பார்த்து அதிர்ந்து, மறுநாள் போகாமல் விட்டுவிடுவதுதான் நாயின் உயிருக்கு உலை வைக்கிறது. பாதியில் நின்ற வைத்தியத்தில் பணமும் போகும், நாயும் போகும்.

பரிசோதனை முடிந்ததும், மேற்கொண்டு எதுவும் தொடங்கும் முன், நேராக இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், இன்னைக்கு என்னால இவ்வளவுதான் முடியும். இதுல முதல்ல எதைச் செய்யணும், எது நாளைக்குச் செய்யலாம்?" நல்ல டாக்டர் உடனே பிரித்துச் சொல்வார். அட்மிட் செய்வதற்குப் பதில் பகலில் மட்டும் வந்து ட்ரிப்ஸ் ஏற்றிப் போகலாம். நரம்பில் போட்ட ஊசியைப் பிடுங்காமல் கட்டி அனுப்பினால், அடுத்த நாள் மறுபடி குத்த வேண்டியதில்லை. ஆறு டெஸ்டில் இரண்டை மட்டும் இன்று எடுக்கலாம். ஊசிக்குப் பதில் மாத்திரையில் முடியுமா என்று பார்க்கலாம். அட்மிட் செய்தே ஆக வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாள் ஆகலாம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'இந்தத் தொகையைத் தாண்டினால் எனக்குப் போன் பண்ணிட்டுச் செய்யுங்க' என்றும் சொல்லிவிடுங்கள்.

6. காய்ச்சல்னு போனா ரத்த டெஸ்ட் எழுதுறாங்க. பணம் பண்ணத்தானே?

பெரும்பாலும் இல்லை. நம் ஊரில் நாய் சாப்பிடாமல், காய்ச்சலோடு, சோர்ந்து கிடந்தால் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். அதிலும் ஒரே வகை இல்லை. எர்லிக்கியா என்ற கிருமிக்குக் கொடுக்கும் மாத்திரை பேபிசியா என்ற இன்னொரு கிருமிக்குப் போதாது, அதற்கு வேறு மருந்து. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பதும், தட்டணுக்களையும் சிவப்பணுக்களையும் எண்ணுவதும்தான் வழி காட்டும். டெஸ்ட் வேண்டாம் என்று ஊகத்தில் மாற்றி மாற்றி ஊசி போட்டு, மூக்கில் ரத்தம் வந்த பிறகு அலைந்தவர்களின் செலவை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தில் பத்துத் தடவை ரத்தம் பார்த்திருக்கலாம்.

இன்னொன்று. உண்ணியை நாயின் மேல் மட்டும் தேடாதீர்கள். சுவர் விரிசல், கதவு இடுக்கு, நாய் படுக்கும் சாக்கு எல்லாவற்றிலும் அது முட்டையிடும். வீட்டைச் சுத்தம் செய்யாமல் நாய்க்கு மட்டும் மருந்து தடவினால், மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதுதான்.

'இந்த டெஸ்ட் முடிவு எப்படி வந்தால் மருந்து மாறும்?' என்று டாக்டரிடம் கேளுங்கள். எப்படி வந்தாலும் மருந்து மாறாது என்றால், அந்த டெஸ்டைத் தள்ளிவைப்பது பற்றி அவரிடமே பேசலாம்.

7. ராத்திரியில உடம்பு சரியில்லாம போச்சு. காலை வரைக்கும் பொறுக்கலாமா?

ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு வழக்கம்போல் விளையாடினால் பொறுக்கலாம். காலை ஊன்றி நொண்டினால் பொறுக்கலாம். அரிப்பு, லேசான வயிற்றுப்போக்கு காலை வரை காத்திருக்கும்.

பொறுக்கக் கூடாதவை இவை. ஆண் பூனை மண் பெட்டியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை: மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பார்கள், உள்ளே சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கும், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பெரிய நாய்க்கு வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வரவில்லை: இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், மணிக்கணக்கில் முடிந்துவிடும். குட்டிக்கு நாற்றத்தோடு ரத்தமாகப் போகிறது. வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. பாம்பு தீண்டியது. எலி மருந்து தின்றது. எலி மருந்தில் பல வகை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும், அதனால் 'நல்லாத்தானே இருக்கு' என்று விட்டுவிடாமல் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கத்தரி வெயிலில் நாய் மூச்சிரைத்துச் சரிந்தால் சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, காற்றில் வைத்து, ஈரத்தோடு கொண்டு போங்கள்.

எது என்று புரியாவிட்டால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். வெள்ளையாகவோ நீலமாகவோ இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். சில நாய்களுக்கு ஈறே பிறவியில் கறுப்பு, அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்பதை இன்றே விசாரித்து, கிளம்பும் முன் போன் செய்து டாக்டர் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

8. மெடிக்கல்ல கேட்டு காய்ச்சல் மாத்திரை குடுத்திடலாமா? குழந்தைக்குக் குடுக்கிறதுதானே?

கூடாது. பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை போதும், செத்துவிடும். அதன் ஈரலால் அந்த மருந்தை உடைக்க முடியாது. நாய்க்கு ஐபுபுரூஃபன் கொடுத்தால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரும். சர்க்கரை சேர்க்காதவற்றில் வரும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம். நாயின் மேல் தடவும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தது பூனைக்கு ஆகாது, ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காதீர்கள். எப்போது, எத்தனை மில்லிகிராம் என்று டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்துக்கு வழியுண்டு.

9. டாக்டர் எழுதின மருந்தை அவங்ககிட்டதான் வாங்கணுமா?

கட்டாயம் இல்லை, சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நாய்க்கு எழுதும் பல மருந்துகள் மனிதர்களுக்கானவையே. உதாரணமாக உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின். மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொன்னால் மக்கள் மருந்தகத்தில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும் என்பதால் மிச்சம் கணிசமாக இருக்கும். அளவு மட்டும் எடைக்கேற்ப டாக்டர் சொன்னதுதான். பூனைக்கு இந்த மாத்திரையை வெறும் தொண்டையில் போடாதீர்கள், உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் புகட்டுங்கள்.

10. வீட்டை விட்டே வெளிய போகாத பூனைக்கு ஊசி எதுக்கு? செலவுதானே?

பார்வோ, பூனைகளுக்கு வரும் அதே குடும்பத்து வைரஸ் இரண்டும் நம் செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். தடுப்பூசி சில நூறு ரூபாய். வந்த பிறகு காப்பாற்ற ஆயிரக்கணக்கில், அதுவும் உத்தரவாதம் இல்லாமல். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, நான்கு மாதம் ஆகும்வரை போட வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் பாதுகாப்பு முழுமை இல்லை.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். இதற்குப் பணம் இல்லை என்ற பேச்சே வேண்டாம். ஒவ்வொரு வருடமும் ஜூலை 6, விலங்குவழி நோய்கள் நாளையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். 1885-இல் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு அந்த ஊசியைப் போட்ட நாள் அது. செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளிலும் முகாம்கள் நடக்கும். சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், சென்னை மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் எடுக்க அது வேண்டும். உங்களையே கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம்.

11. பெண் நாய்க்குக் கருத்தடை அவசியமா? நாங்க வெளியவே விடுறதில்லை.

குட்டி போடுவது மட்டும் பிரச்சினை இல்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதாகும்போது கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது சாதாரணமாக வரும். ஹீட் முடிந்த சில வாரத்தில் தண்ணீர் அதிகம் குடிக்கும், சாப்பிடாது, சிலவற்றுக்குப் பின்பக்கம் கெட்ட நீர் வடியும். அப்போது செய்வதும் கர்ப்பப்பையை எடுக்கும் அதே ஆபரேஷன்தான். ஆனால் நோயுற்ற உடம்பில், ட்ரிப்ஸோடு, அட்மிஷனோடு, பல மடங்கு செலவில். 3-இல் சொன்ன கல்லூரி மருத்துவமனைகளில் முன்கூட்டியே விசாரித்துச் செய்துவிடுங்கள்.

12. நாய்க்கு இன்சூரன்ஸ் இருக்காமே? எடுக்கலாமா?

சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாய்க்குக் கொடுக்கின்றன, பூனைக்கு வாய்ப்பு குறைவு. எடுக்கும்முன் வயது வரம்பு, காத்திருப்புக் காலம், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் கிடைக்குமா, தடுப்பூசி சான்று தவறினால் என்னாகும் என்ற நான்கையும் படியுங்கள். இளம் வயது ஜாதி நாய் என்றால் யோசிக்கலாம். நாட்டுநாய்க்கும் பூனைக்கும் என் யோசனை, வங்கியில் அதன் பெயரைச் சொல்லி ஒரு சின்ன ஆர்.டி. போடுவது. மாதம் 300 ரூபாய் என்றாலும் வருடத்தில் 3,600. ஒரு பரிசோதனை, ஒரு ஸ்கேனுக்காவது கை கொடுக்கும்.

13. தெருநாய் அடிபட்டுக் கிடக்கு. நான் தூக்கிட்டுப் போனா பில் யார் கட்டுறது?

தனியாரில் கொண்டு போனவர்தான் கட்ட வேண்டும். அதனால் வாசலிலேயே 'தெருநாய்' என்று சொல்லிவிட்டு 5-இல் சொன்ன கேள்வியைக் கேளுங்கள். பல டாக்டர்கள் தன் பீஸை விட்டுவிட்டு மருந்துக்கு மட்டும் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அரசு மருத்துவமனையிலும் பார்ப்பார்கள். சென்னையில் 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இருக்கிறது. அவர்களுக்கு அழைப்புகள் குவியும் என்பதால், வண்டி வரும்வரை நாயை நிழலுக்கு மாற்றி ஒருவர் கூடவே நிற்பது முக்கியம்.

வலியில் இருக்கும் நாய் சோறு போட்ட கையையும் கடிக்கும். கனத்த சாக்கையோ போர்வையையோ மேலே போட்டு, பலகை மாதிரி எதிலாவது நகர்த்தி ஏற்றுங்கள். பணத்துக்குத் தெரு வாட்ஸாப் குழுவில் பில்லின் போட்டோவைப் போட்டு, பணத்தைக் கிளினிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். கணக்கு வெளிப்படையாக இருந்தால் அடுத்த முறையும் கொடுப்பார்கள்.

14. ஆபரேஷனுக்குப் பெரிய தொகை சொல்றாங்க. என்கிட்ட இல்லை. அவ்வளவுதானா?

இல்லை. எக்ஸ்ரே, ரிப்போர்ட் நகல்களை வாங்கிக்கொண்டு கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மறுபடி எடுக்கும் செலவு மிச்சம். அடுத்து, இதே பிரச்சினைக்கு வேறு வழி உண்டா என்று கேளுங்கள். எலும்பு முறிவுக்குத் தகடு வைப்பது ஒரு வழி, கம்பி வைப்பது இன்னொன்று, சில முறிவுகள் கட்டுப்போட்டே கூடும். மிகவும் நசுங்கிய காலை எடுத்துவிட்டால் மூன்று காலில் நாய் சில வாரத்தில் ஓடும். நமக்குத்தான் மனசு ஒப்பாது, அதற்கு ஒன்றும் குறைவில்லை.

15. 'இனி முடியாது, கருணைக்கொலை ஊசி போட்டுடலாம்'னு சொல்றாங்க. காசு இல்லாததால சம்மதிச்சா பாவமா?

பாவம் இல்லை. குணமாகக்கூடிய நோய் என்றால் 14-இல் சொன்ன வழிகளை முதலில் பாருங்கள், இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். குணமாகாது என்று இருவரும் சொன்னால், சாப்பிடுகிறதா, எழுந்து நிற்கிறதா, வலியில்லாமல் தூங்குகிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லாதபோது வலியை நீட்டிக்காமல் இருப்பதும் வைத்தியம்தான். முதலில் மயக்க ஊசி போட்டு, நன்றாகத் தூங்கிய பிறகு அடுத்ததைப் போடும்படி கேளுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே இருங்கள், உங்கள் குரல் அதற்குத் தெரியும்.

16. தப்பா வைத்தியம் பண்ணிட்டாங்கன்னு தோணுது. யார்கிட்ட புகார் பண்றது?

நல்ல வைத்தியம் செய்தும் பிழைக்காத நோய்கள் உண்டு. அதனால் முதலில் ரிப்போர்ட்டுகளை வேறொரு டாக்டரிடம் காட்டுங்கள். கவனக்குறைவு என்று அவரும் சொன்னால், மருத்துவரின் நடத்தை பற்றி மாநில கால்நடை மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்கலாம். பணம் கட்டிப் பெற்ற சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டுக்கும் காகிதம் வேண்டும்: பில், மருந்துச் சீட்டு, போட்ட ஊசிகளின் விவரம், ரிப்போர்ட். இறந்த நாய்க்குப் பிரேதப் பரிசோதனை தேவைப்பட்டால் உடலைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். அதுவரை உடல் குளிரில் இருக்க வேண்டும், உறைய வைக்கக் கூடாது.